பக்கவாதம்: முதல் நாலரை மணி நேரம் யாருடைய பொறுப்பு?



கரிசல் நிலத்தை உழுது வாழ்கின்றவர்களுக்குப் பருவம் தவறுவதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. மானாவாரி மண்ணில் விதை தகுந்த நாளில் விழ வேண்டும். நாள் கடந்துவிட்டால் விதை நல்லதாயிருந்தும் பயனில்லை. பின்னர் மழை பெய்தும் பயனில்லை. பக்கவாதத்திற்கான இன்றைய மருத்துவமும் இத்தகையதே. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், உரிய நேரத்தில் நோயாளிதான் அங்கே இருப்பதில்லை.

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் இப்பகுதியின் மஹல்லாக்களில், ஒரு பக்கம் செயலிழந்து கட்டிலே கதியாகக் கிடக்கும் பெரியவர் ஒருவரையேனும் அறியாதவர் நம்மில் அரிது. "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிப் பொறுமை கொள்கிறோம். பொறுமை உயர்ந்த பண்பே. ஆயினும் நடந்து முடிந்ததற்குத்தான் பொறுமை; நடந்துகொண்டிருப்பதற்கு வேண்டியது விரைவு. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். பக்கவாதத்தின் முதல் சில மணி நேரம் பெரும்பாலும் மருத்துவமனையில் கழிவதில்லை. நம் வீட்டுக்குள் கழிகிறது. ஆகவே அந்நேரத்திற்குப் பொறுப்பாளர்களும் நாமே.

ஒரு நொதியின் வேலை

பக்கவாதம் கைகால்களின் நோயன்று, மூளையின் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ அது நேர்கிறது. பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. குழாயை அடைக்கும் இரத்தக் கட்டி, ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் பின்னப்பட்ட வலை போன்றது. வலையைப் பின்னும் உடலுக்கு அதை அறுக்கவும் வழி அருளப்பட்டிருக்கிறது. பிளாஸ்மினோஜென் என்னும் புரதம் நம் இரத்தத்தில் எப்போதும் உறங்கு நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. டி.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி அப்புரதத்தை ஓரிடத்தில் வெட்டியதும், அது பிளாஸ்மின் என்னும் மற்றொரு நொதியாக மாறி வலையின் இழைகளைத் துண்டிக்கத் தொடங்குகிறது. சிந்திப்போர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இதில் உண்டு. டி.பி.ஏ. ஓடும் இரத்தத்தில் ஏறத்தாழச் செயலற்றே இருக்கிறது. ஃபைப்ரின் வலையின் மீது படிந்த பின்னரே வேகம் கொள்கிறது.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டெசிரே கொலன் என்பவரின் ஆய்வுக்கூடம் இந்நொதியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனம் இதன் மரபணுவைப் பிரதியெடுத்தது. அவ்வழியில் உருவானதே ஆல்டிபிளேஸ் என்னும் ஊசி மருந்து. ஹாம்ஸ்டர் என்னும் சிறு எலியினத்தின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். பன்றியின் உறுப்புகளிலிருந்து எடுக்கப்படுவதன்று. இதுபற்றி ஐயம் கொண்டு தயங்குவோருக்காக இதனைச் சொல்ல வேண்டியுள்ளது.

1995 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு பக்கவாத மருத்துவத்தையே மாற்றியது. 624 நோயாளிகளுக்கு, நோய் தொடங்கிய 3 மணி நேரத்திற்குள் ஆல்டிபிளேஸோ வெறும் மாற்று ஊசியோ செலுத்தப்பட்டது. ஆய்வின் இரண்டாம் பகுதியில், மூன்று மாதங்களுக்குப் பின் ஏறத்தாழக் குறையின்றி நடமாடியவர்கள், மருந்து பெற்றோரில் 100க்கு 39 பேர். பெறாதோரில் 26 பேர். இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மருந்து பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 6 பேருக்கு மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டு நிலை மோசமானது. பெறாதோரில் இது 1க்கும் குறைவு. ஆயினும் மூன்று மாத முடிவில் மருந்து பெற்றோரிடையே மொத்த இறப்பு கூடவில்லை. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று இம்மருந்தின் பயன் நாலரை மணி நேரம் வரை நீடிப்பதைக் காட்டியது. ஆல்டிபிளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். அதன் தம்பியான டெனெக்டிபிளேஸை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் சிறிய ஊரிலேயே ஊசியைப் போட இது மிகவும் ஏற்றது.

நேரம் எங்கே போகிறது?

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். லுஹர் தொழுதுவிட்டு வந்து உணவருந்திய அத்தாவுக்கு 2 மணிக்கு வலக்கை சோர்கிறது, பேச்சு குழறுகிறது. "களைப்பாக இருக்கும், சற்றுப் படுக்கட்டும்" என்கிறார்கள். அஸருக்கு எழுப்பும்போது வாய் கோணியிருக்கிறது. கடையிலிருந்து மகன் வருவதற்கு நாலரை. தெரிந்த மருத்துவரிடம் காட்டி, அவர் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லும்போது ஐந்தே கால். வண்டி தேடி, பணம் புரட்டி, கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையும்போது ஆறரை. நாலரை மணி நேரம் அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னர்தான் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தொடங்க வேண்டும்.

இக்கணக்கில் நாற்கரச் சாலை எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. மற்ற மூன்றரை மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டது நம் தயக்கம். தொலைவைக் குறை கூறுவது எளிது. தொலைவு நம்மிடமிருந்து பறிப்பதைவிட நாம் தாமாகக் கொடுத்துவிடுவதே அதிகம்.

நாலரை மணி நேரம் என்பது காத்திருப்பதற்கான தவணையும் அன்று. பெரிய குழாய் அடைபடும் பக்கவாதத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்னும் நரம்பியல் மருத்துவர் 2006இல் கணக்கிட்டார். முதல் மணியில் போடப்படும் ஊசிக்கும் நான்காம் மணியில் போடப்படும் ஊசிக்கும் பலனில் பெரும் வேறுபாடு உண்டு. நேரம் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடுவதும் சரியன்று. இரத்தக் குழாய் வழியே மெல்லிய கருவியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை 2015இல் உறுதிப்பட்டது. தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன் தருவதாக 2018ஆம் ஆண்டின் ஆய்வுகள் காட்டின. ஆகவே எந்த நேரத்திலும் போக வேண்டும். உடனே போக வேண்டும்.

வக்து அறிந்த குடும்பம்

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எப்போது தொடங்கியது?" என்பது. அதற்கு விடை தெரியாவிட்டால் ஊசி போடுவதற்கான வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். நோயைக் கண்ட நேரத்தை அவர்கள் கேட்கவில்லை. நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தையே கேட்கிறார்கள். ஃபஜ்ருக்கு எழுப்பும்போது கை விழுந்திருந்தால், கடிகாரம் ஃபஜ்ரிலிருந்து ஓடுவதில்லை. அவர் இரவில் கடைசியாக நலமாகப் பேசிய நேரத்திலிருந்து ஓடுகிறது. தஹஜ்ஜுத்துக்கு எழுந்து உளூச் செய்ததை எவரேனும் கண்டிருந்தால் அந்த ஒரு செய்தியே சிகிச்சைக்கு வழி திறக்கக்கூடும்.

இவ்வகையில் நம் குடும்பங்களுக்கு ஓர் அருள் வாய்த்திருக்கிறது. நம் நாள் ஐந்து வக்துகளால் பகுக்கப்பட்டது. "மஃரிப் பாங்கு சொல்லும்போது நன்றாகப் பேசினார், இஷாவுக்கு முன் கை விழுந்தது" என்று நம் வீட்டுப் பாட்டிமாரும் சொல்ல முடியும். அதனைக் கடிகார நேரமாக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு புறப்படுங்கள். அத்துடன், அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மாத்திரை அவற்றில் இருந்தால் மருத்துவரின் முடிவே மாறலாம். ஊசியின் அளவு உடல் எடையைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதால் எடையையும் அறிந்து வையுங்கள்.

அடையாளங்கள் மூன்றை வீட்டில் சிறுவரும் அறிந்திருக்கட்டும். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒரு கை தாழ்கிறதா? ஸலாம் சொல்லச் சொன்னால் நாக்குக் குழறுகிறதா? திடீரென இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

அன்பினால் விளையும் தீங்கு

ஒருவர் மயங்கிச் சரிந்ததும் நாம் முதலில் செய்வது வாயில் தண்ணீர் விடுவது. ஓதி ஊதிய தண்ணீர் வரும், ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் வரும், தேனும் வரும். எல்லாம் அன்பினால் வருபவை. ஆனால் பக்கவாதம் கையை முடக்குவதுபோல் தொண்டையையும் முடக்குகிறது. விழுங்கத் தெரியாத தொண்டையில் விடப்படும் நீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். மூளை பிழைத்தும் நுரையீரலால் மாண்டுபோகும் நிலை இவ்வாறே வருகிறது. ஸம்ஸம் நீரின் பரக்கத் எங்கும் போய்விடாது. விழுங்கும் திறனை மருத்துவமனையில் சோதித்த பின்னர் தாராளமாகக் கொடுக்கலாம். அதுவரை ஓதுங்கள், துஆ செய்யுங்கள். வாயில் எதையும் விடாதீர்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் என்று எண்ணி வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பதும், மாரடைப்புக்குத் தருவதுபோல் ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. வந்திருப்பது அடைப்பா, கசிவா என்பதை வெளியிலிருந்து எவராலும் கூற இயலாது. ஸ்கேன் மட்டுமே கூறும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதனைப் பெருக்கக்கூடும். அடைப்பாக இருந்தால் அழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்துவது, மூளைக்கு எஞ்சியுள்ள சிறு ஓட்டத்தையும் குறைத்துவிடும். விழுந்த கையில் புறா இரத்தம் தேய்ப்பது நம் பகுதியில் இன்னும் ஒழியாத பழக்கம். நோய் மூளையில் இருக்கத் தோலில் தேய்க்கும் இரத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை. அசுத்தமான பொருளைக் கொண்டு மருத்துவம் தேட வேண்டிய நிர்ப்பந்தமும் நமக்கில்லை.

"எல்லாம் விதிப்படியே" என்போருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டலாம். ஷாம் நோக்கிப் பயணம் செய்த உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்ததும் தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுவதாக அதனை அவர்கள் கருதவில்லை. இறைவன் வகுத்த ஒன்றிலிருந்து அவன் வகுத்த மற்றொன்றை நாடுவதாகவே கருதினார்கள். நோயும் அவன் படைப்பு. கட்டியைக் கரைக்கும் நொதியும் அவன் படைப்பு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்க, கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பதைத் தவக்குல் என்று அழைப்பது தகாது.

யாருடைய சம்மதத்திற்காகக் காத்திருக்கிறோம்?

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தாமதம் இருக்கிறது. மூத்த மகன் ரியாதில்; இளையவன் துபாயில்; மருமகன் கேரளத்தில். வீட்டில் இருப்போர் பெண்களும் குழந்தைகளும். "தம்பியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்று ஆம்புலன்ஸை அழைக்கவே அரை மணி நேரம் போகிறது. மருத்துவமனையில், "இந்த ஊசியில் கசிவு அபாயம் உண்டு, கையெழுத்திடுங்கள்" என்றதும் மீண்டும் கைபேசி. வேலையிலிருக்கும் மகன் எடுப்பதில்லை. சித்தப்பா ஒன்று சொல்கிறார், மாமா வேறொன்று சொல்கிறார். இதற்குள் நொதிக்கு உரிய நேரம் முடிந்துவிடுகிறது.

அயலில் இருக்கும் மகனின் அன்பை எவரும் ஐயுறவில்லை. ஆனால் நோயாளியின் அருகில் நிற்பவருக்கே முடிவெடுக்கும் உரிமையும் இருக்க வேண்டும். அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். ஆண் துணை வரட்டும் என்று ஒரு பெண் வாசலில் காத்து நிற்கும் நிலையை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தில் ஷரீஅத் சலுகைகளையே வழங்குகிறது. எனவே அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊர் வரும்போது, சொத்துப் பேச்சோடு இந்தப் பேச்சையும் பேசி முடியுங்கள். "எனக்கு இப்படி நேர்ந்தால் எவரையும் கேட்க வேண்டாம், உன் உம்மாவே கையெழுத்திடட்டும்" என்று குடும்பத் தலைவர் அனைவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டால், அந்த ஒரு சொல் பிற்காலத்தில் அவருடைய கையையும் காலையும் காக்கக்கூடும்.

செவிலியரின் பணியும் நம் பணியும்

ஊசி எல்லோருக்கும் கிட்டுவதில்லை. ஊசி கிட்டாதவருக்கும் கிட்டியவருக்கும் ஒருசேரப் பயன் தருவது நல்ல செவிலியம். ஆஸ்திரேலியாவில் சாண்டி மிடில்டன் என்னும் செவிலியத் துறைப் பேராசிரியரின் தலைமையில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றை முதல் மூன்று நாட்களில் செவிலியர் ஒழுங்காகக் கவனித்துச் சரிசெய்வது என்பதே அதன் உள்ளடக்கம். 90 நாட்களுக்குப் பின் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்வோர், வழக்கமான கவனிப்பில் 100க்கு 58 பேர். இந்த ஒழுங்கைப் பின்பற்றிய இடங்களில் 42 பேர். புது மருந்து ஏதும் இல்லை. வெப்பமானி, சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு கரண்டி தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கும் பொறுமை, இவ்வளவே. நம் பெண்மக்கள் பலர் செவிலியம் பயில்கிறார்கள். "நர்ஸ் வேலைதானே" என்று திருமணப் பேச்சில் இறக்கிச் சொல்வோர் இந்த எண்களைச் சற்றே நோக்கட்டும்.

மற்றோர் ஆய்வு நம் நாட்டினுடையது. லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் முதலியோர், 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்டனர். குடும்பத்தார் ஒருவருக்குப் பயிற்சியளித்து, வீட்டிலேயே அவர் உடற்பயிற்சி கொடுத்தால் நோயாளி விரைவில் தேறுவாரா என்பது கேள்வி. ஆறு மாதத்திற்குப் பின் இரு தரப்பினரிடையேயும் வேறுபாடு காணப்படவில்லை. கிடைத்த முடிவு கசப்பானதாயினும் நமக்கு ஒரு பாடம். படுத்துவிட்ட மாமனாரின் முழுப் பொறுப்பையும் ஒரு மருமகளின் தோளில் ஏற்றி, "கித்மத் செய், நன்மை கிடைக்கும்" என்று ஒதுங்கிக்கொள்வது போதாது. முறையாகப் பயின்ற இயன்முறை மருத்துவரும் வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அதைக் கேட்டுப் பெறுவது இழிவன்று, நம் உரிமை.

ஜமாஅத்துகளின் முன் ஐந்து வேண்டுகோள்கள்

முதலாவது, எந்த மருத்துவமனையில் இரவு பகலாக ஸ்கேன் எடுக்கிறார்கள், எங்கே கட்டி கரைக்கும் ஊசி போடுகிறார்கள் என்பதை நிர்வாகிகள் நேரில் சென்று கேட்டு, தொலைபேசி எண்ணோடு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதைச் சரிபார்க்கட்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கி மீண்டும் ஏறுவதே பெரிய இழப்பு.

இரண்டாவது, ஜனாஸாவுக்கும் அவசரத்திற்கும் ஊர்தி வைத்திருக்கும் ஜமாஅத்துகள், ஓட்டுநருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி அளிக்கட்டும். வழியிலிருந்தே மருத்துவமனைக்கு அழைத்து, "பக்கவாத நோயாளி வருகிறார், தொடங்கிய நேரம் இது" என்று சொல்லிவிட்டால், அங்கே ஸ்கேன் அறை ஆயத்தமாக இருக்கும்.

மூன்றாவது, ஜும்ஆ பயானில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கப்படட்டும். அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். அதையொட்டி வரும் வெள்ளிக்கிழமை பொருத்தமானது. பெண்கள் மதரஸாவிலும் இதே பாடம் நடக்கட்டும். நோய் தாக்கும்போது அருகில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

நான்காவது, வருமுன் காத்தல். பக்கவாதத்தின் முதற்காரணம் உயர் இரத்த அழுத்தம். அது வலிப்பதில்லை, அறிவிப்பதில்லை. மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பும் பீடி, சிகரெட்டும் குறைய வேண்டும். ரமழானில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடும் பெரியவர்கள் பலர். நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும். நோன்பு கூடாது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே.

ஐந்தாவது, அரசிடம் கேட்க வேண்டியது. இமாச்சலப் பிரதேசத்தில், நரம்பியல் நிபுணர் இல்லாத மாவட்ட மருத்துவமனைகளில் பொது மருத்துவர்களே, ஸ்கேன் படத்தைக் கைபேசி வழியாகத் தொலைவிலுள்ள நிபுணருக்குக் காட்டி ஊசியைச் செலுத்தினார்கள். அஸ்ஸாமில் ஸ்கேன் கருவியையே ஊர்தியில் ஏற்றிக் கிராமத்திற்குக் கொண்டுசென்றதில், சிகிச்சை தொடங்கும் நேரம் ஏறத்தாழ 24 மணியிலிருந்து 2 மணியாகக் குறைந்ததாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2025இல் அறிவித்தது. மலையிலும் ஆற்றங்கரையிலும் இயன்றது, நாற்கரச் சாலை ஓடும் கரிசல் சமவெளியில் இயலாததன்று. கோவில்பட்டியிலேயே எந்நேரமும் இந்த ஊசி கிட்ட வேண்டும் என்ற கோரிக்கையை, தீப்பெட்டி ஆலையிலும் நூற்பாலையிலும் நம்மோடு உழைக்கும் எல்லாச் சமயத்தாருடனும் சேர்ந்து நாம் எழுப்ப வேண்டும். அடைபட்ட இரத்தக் குழாய்க்கு மதம் தெரியாது.

இவற்றுள் அரசு செய்ய வேண்டியதற்கு ஆண்டுகள் ஆகலாம். வீட்டில் செய்ய வேண்டியதற்கு இன்றிரவு போதும். இஷாவுக்குப் பின் குடும்பத்தாரை அமர வைத்து மூன்று அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள். செல்ல வேண்டிய மருத்துவமனையை முடிவு செய்யுங்கள். கையெழுத்திட வேண்டியவர் யாரென்று சொல்லிவிடுங்கள். முயற்சி நம் கடமை, முடிவு அவனிடம். நம் பெற்றோரையும் பிள்ளைகளையும் முடக்கும் நோய்களிலிருந்து அல்லாஹ் காத்தருள்வானாக. நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.